பதினாலாம் நம்பர் கரடியும் என் வாயும்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே சொல்லிக்கிறதுல வெட்கம் ஒண்ணும் இல்ல, தெருவே சொல்லுது. குழாய் ஒழுகினா குழாயைத் திட்டுவேன். பால் பொங்கினா அடுப்பைத் திட்டுவேன். வீட்டுக்காரரைத் திட்டுறதுக்குக் காரணமே வேணாம், எதிர்ல நின்னாப் போதும். ஆனா பதினோரு வருஷமா வேலை பார்க்கிற இடத்துல மட்டும் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன். திறக்கக் கூடாது. அங்கே அதுதான் முதல் சட்டம்.

நான் இருக்கிறது வனவிலங்குக் காப்பகத்துல. அந்தப் பக்கம் அரசாங்கத்தோட பெரிய காடு, வேட்டையாடக் கூடாத காடு. இந்தப் பக்கம் வீடு, தோட்டம், ரோடு. நடுவுல இருக்கிற நிலம் எங்க காப்பகத்தோடது. அதுல எவனும் வீடு கட்டாம, மரம் வெட்டாம பார்த்துக்கிறது ஒரு வேலை. தாயில்லாத குட்டிங்களை வளர்த்துத் திரும்பக் காட்டுக்குள்ள விடுறது இன்னொரு வேலை. முதல் வேலை என் வீட்டுக்காரரோடது, அவர் வேலி பார்க்கிறவர். ரெண்டாவது என்னோடது. வேலைன்னா என்ன, பால் கலக்கணும், புட்டி கழுவணும், கொட்டில் கூட்டணும், பீ அள்ளணும். பார்க்க வர்றவங்க "எவ்வளவு புண்ணியமான வேலை"ம்பாங்க. அள்ளிப் பார்த்தாத் தெரியும் புண்ணியம் எவ்வளவு நாறும்னு.

குட்டிக்குப் பேர் வைக்கக் கூடாது, நம்பர்தான். கொஞ்சக் கூடாது. எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் கலர் கோட்டு, முகத்தை மறைக்கிற வலைத் தொப்பி. அதையெல்லாம் விட முக்கியம், பேசக் கூடாது. மனுஷக் குரல் கேட்டா ஓடுற மாதிரிதான் குட்டியை வளர்க்கணும். குரல் கேட்டுக் கிட்ட வர்ற கரடியைக் காட்டுக்குள்ள விட்டா, மறு வாரமே எவங்க சமையல்கட்டுலயாவது வந்து நிக்கும். அப்புறம் ஒண்ணு அவங்க சாவாங்க, இல்ல அது சாகும்.

பதினாலாம் நம்பர் கரடிக் குட்டி வந்தப்போ என் ரெண்டு உள்ளங்கையில அடங்குச்சு. ரோட்டுல லாரி அடிச்சுத் தாய் செத்துக் கிடந்துச்சாம், அதோட வயித்துக்கு அடியிலேர்ந்து எடுத்துட்டு வந்தாங்க. கண்ணே திறக்கல. பொட்டைக் குட்டி. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுக்கணும், குடிச்சதும் ஈரத் துணியால அடியில துடைச்சு விடணும், அப்போதான் ஒண்ணுக்குப் போகும். என்கூட வேலை பார்த்தவ அந்த மாசம்தான் "எனக்கு இடுப்பே போச்சு, ஆளை விடுங்க சாமி"ன்னு கும்பிடு போட்டுட்டுப் போனா. எங்க டாக்டர், மிருக டாக்டர், என்னை விட இருபது வயசு சின்னவ. "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நீங்களே சமாளிச்சுக்கங்கக்கா, ஒரு வாரம்தான்"ன்னா. ஆள் வர அஞ்சு மாசம் ஆச்சு.

அந்த அஞ்சு மாசம் எப்படிப் போச்சுன்னு என்னைக் கேட்காதீங்க. நின்னுக்கிட்டே தூங்கினேன். குட்டியோட பால் பவுடரை எடுத்து வீட்டுக்காரருக்கு டீ போட்டுக் குடுத்துட்டேன், அந்த மனுஷன் "இன்னைக்கு டீ திக்கா இருக்கு"ன்னு இன்னொரு கிளாஸ் கேட்டாரு. முழங்கால் வீங்கி, குந்தினா எழ முடியல, எழுந்தா குந்த முடியல. பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. அந்தக் களைப்புலதான் வாய் கழண்டுச்சு. ஒரு நாள் குட்டி புட்டியைக் கடிச்சு இழுத்து என் மேல பூராப் பாலைக் கொட்டிடுச்சு. "அடச் சனியனே"ன்னுட்டேன்.

சொன்ன உடனே வாயைப் பொத்திக்கிட்டேன். சுத்திப் பார்த்தேன், யாரும் இல்ல. குட்டி காதை ஒரு ஆட்டு ஆட்டிட்டு மிச்சப் பாலைக் குடிச்சுச்சு. எனக்கு என்னமோ பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.

அப்புறம் என்ன, பழகிப் போச்சு. கொட்டில் கதவுல கை வைக்கும்போதே ஆரம்பிச்சுடுவேன். "வந்துட்டியா மூதேவி? உனக்கு நேரம் காலமே கிடையாதா? எங்கேயோ பொறந்து என் உசுரை வாங்க வந்திருக்கே. என்னைத் தின்னாத்தான் உனக்கு வயிறு நிறையும். இந்தா, கொட்டிக்கோ." கொஞ்சக் கூடாதுங்கிறதுதானே சட்டம், நான் எங்கே கொஞ்சினேன், திட்டத்தானே செஞ்சேன்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன். வேற ஆள் வந்த பிறகும் நான் போற வேளையில குசுகுசுன்னு திட்டிட்டுத்தான் வருவேன். அதுக்கும் எனக்கும் நடுவுல அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு.

ஒண்ணரை வயசுல பதினாலு என் இடுப்பு உயரம் வந்துடுச்சு. கொட்டிலை ஒட்டி மரமும் புதரும் மேடுமா வேலி போட்ட இடத்துல தானே கிழங்கு தோண்டும், தானே எறும்புப் புத்தை உடைக்கும். விடுற நேரம் வந்தாச்சு. விடுறதுக்கு முன்னாடி எங்க இடத்துல ஒரு வாரம் "விரட்டு வாரம்"னு வைப்போம். தகரத்தைத் தட்டி, கத்தி, விரட்டி, மனுஷன்னாலே ஆகாதுங்கிறதை அதுக்கு உறுதியாப் புரிய வைக்கிறது. அது முடிஞ்சா காட்டு ரேஞ்சர் வந்து பார்ப்பாரு. நாப்பது அடிக்குள்ள மனுஷன் வந்து சத்தம் போடும்போது ஓடினா காட்டுக்கு. ஓடலேன்னா நகரத்துல இருக்கிற மிருகக்காட்சி சாலைக்கு.

அந்தக் காட்சி சாலைக்கு நான் ஒரு தடவை போயிருக்கேன். எங்ககிட்டேர்ந்து போன ஒன்பதாம் நம்பர் அங்கேதான் இருக்கு. நான் பார்த்த நேரம் பூரா அது ஒரே இடத்துல நின்னு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. கால் வைக்கிற இடத்துல சிமெண்ட் தேஞ்சு போயிருந்துச்சு. பக்கத்துல ஒரு குழந்தை "கரடி டான்ஸ் ஆடுது"ன்னு கை தட்டுச்சு. நான் கழிப்பறைக்குப் போய் அழுதுட்டு வந்தேன்.

ரேஞ்சர் வந்த அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் போச்சு. எங்க காவலாளி தகரத்தைத் தட்டினான், பதினாலு விழுந்தடிச்சு ஓடி மரத்துல ஏறிக்கிச்சு. டாக்டர் கத்தினா, இன்னும் மேல ஏறுச்சு. ரேஞ்சர் பேனாவை எடுத்துட்டாரு. நான் வேலிக்கு வெளியில வாளியும் கையுமா நின்னுக்கிட்டு இருந்தேன். அந்தக் காவலாளி இருக்கானே, பின்னாடி பார்க்காமத் திரும்பி என் வாளியை உதைச்சுக் கவுத்துட்டான். ஊற வெச்ச தீனி அத்தனையும் மண்ணுல. எனக்கு வந்ததே கோபம்!

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? காலையிலேர்ந்து இடுப்பொடிய ஊற வெச்சேன், எருமை மாதிரி வந்து..."

முடிக்கல. மரத்துலேர்ந்து சரசரன்னு சத்தம். பதினாலு இறங்கி ஓடி வருது. நேரா என்னைப் பார்த்து. வேலிக் கம்பியில மூக்கை வெச்சு அழுத்திக்கிட்டு, பால் குடிக்கும்போது போடுமே, ம்ம்ம்னு ஒரு ராகம், அதைப் போடுது. சுத்தி நிக்கிற அஞ்சு பேரை அது சட்டையே பண்ணல.

ரேஞ்சர் பேனாவை மூடிட்டாரு. "மனுஷக் குரலுக்கு வருதே"ன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல, அவர் முகமும் வாடித்தான் போச்சு. "பத்து நாள் டைம் தர்றேன். அதுக்கு மேல என்னால முடியாது."

டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டா. "அக்கா, அதுகிட்டப் பேசினீங்களா?"

"நானா? ஒரு வார்த்தை பேசலம்மா"ன்னேன். பொய் சொன்னேன். பதினோரு வருஷத்துப் பேரு ஒரு நிமிஷத்துல போயிடுமேங்கிற பயம்.

வீட்டுக்கு வந்து தட்டை ணங்குன்னு வெச்சேன். "என்ன பார்க்கிறீங்க? சாப்பாடு என்ன தானா எழுந்து வந்து வாய்க்குள்ள போகுமா? உங்களுக்கும் அந்தச் சனியனுக்கும் ஆக்கிப் போட்டே நான் போய்ச் சேரப் போறேன்." வீட்டுக்காரர் கையைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தாரு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாரு.

"அதுகிட்டயும் இப்படித்தான் பேசுவியா?"

"எதுகிட்ட?"

"இருபத்தெட்டு வருஷமா நான் என்ன பண்றேன்? உன் திட்டு காதுல விழுந்தா வேலியில எங்கே இருந்தாலும் கையைக் கழுவிட்டு வந்துடுவேன். திட்டு வந்தா பின்னாடியே சாப்பாடு வரும்னு எனக்குத் தெரியும். கரடிக்குத் தெரியாதா?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல. கையில இருந்த கரண்டியை அப்படியே வெச்சுட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டேன்.

மறுநாள் காலையில டாக்டர் கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா, திரும்ப மாட்டினா, திரும்பக் கழட்டினா.

"நான் கிட்டயே போகலம்மா. லீவு போட்டுட்டு என் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன். என் குரல் கேட்டாத்தானே வரும்?"

"உங்க குரல் மட்டுமா அக்கா? காட்டை ஒட்டி இருக்கிற வீடுங்கள்ல எத்தனை பொம்பளைங்க இருக்காங்க? புள்ளையைத் திட்டுவாங்க, புருஷனைத் திட்டுவாங்க, மாமியாரு மருமகளைத் திட்டுவா. அது அத்தனையையும் சாப்பிடக் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்கிட்டு வந்து நிக்கும்."

யோசிச்சுப் பார்த்தேன். திட்டாத வீடு ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரல.

திட்டைக் கேட்டாலே அது பயந்து ஓடணும்னு முடிவாச்சு. முதல்ல என் திட்டை செல்போன்ல பதிவு பண்ணி, ஒலிபெருக்கியில போட்டு, கூடவே பட்டாசு வெடிச்சாங்க. பட்டாசுக்கு ஓடுச்சு. புகை அடங்கினதும் திரும்பி வந்து ஒலிபெருக்கியை நக்குச்சு. காவலாளி சிரிச்சே விட்டான். நான் பார்த்த பார்வையில வாயை மூடிக்கிட்டான். அடுத்து, நான் வேலிக்கு உள்ளே நின்னு திட்டும்போது வீட்டுக்காரர் மறைஞ்சு நின்னு உண்டிவில்லால களிமண் உருண்டை அடிச்சாரு. பின்னங்கால்ல பட்டுச்சு. பதினாலு துள்ளிக் குதிச்சு, நாலு பக்கமும் பார்த்துட்டு, ஓடி வந்து என் காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. அதோட நடுக்கம் என் முழங்காலுக்குத் தெரிஞ்சுது.

நாலு நாள் இப்படியே வீணாப் போச்சு. டாக்டர் வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. அவ கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொன்னேன்.

"நான்தானே அடிக்கணும்?"

"அதுக்குத் தெரியணும் அக்கா. திட்டுற ஆளுதான் அடிக்குதுன்னு தெரியணும். பின்னாடி நாங்க ரெண்டு பேர் நிப்போம். உங்க மேல பாயாது."

"பாய்ஞ்சாத் தேவலையே"ன்னேன்.

அஞ்சாம் நாள் காலையில உள்ளே போனேன். கையில மூங்கில் கம்பு, முனையில துணி சுத்தினது. எலும்பு உடையாது, ஆனா வலிக்கும். வலைத் தொப்பியை டாக்டர் கழட்டச் சொல்லிட்டா, முகம் தெரியணுமாம். ஒண்ணரை வருஷத்துல அன்னைக்குத்தான் பதினாலு என் முகத்தை முதல் தடவையா முழுசாப் பார்த்துச்சு.

"வந்துட்டியா மூதேவி"ன்னேன். குரல் எனக்கே கேட்கல. தொண்டையைச் செருமிட்டுத் திரும்பச் சொன்னேன். "உனக்கு நேரம் காலமே கிடையாதா?"

புதருக்குள்ளேர்ந்து ஓடி வந்துச்சு. என் முன்னாடி வந்து பின்னங்கால்ல நிமிர்ந்து நின்னு, வாயைத் திறந்துக்கிட்டு, குட்டியா இருந்தப்போ மாதிரி புட்டிக்காகக் கையை நீட்டுச்சு. மூக்குலயே போட்டேன்.

ஓடல. அதுதான் கொடுமை. தொப்புன்னு உட்கார்ந்து மூக்கைக் கையால தேய்ச்சுக்கிட்டு என்னையே பார்த்துச்சு. திட்டு முடிஞ்சாச்சு, இனிமே பால் வரும்னு காத்துக்கிட்டு இருக்கு. நடுவுல ஏதோ தப்பு நடந்துடுச்சுன்னு நினைச்சிருக்கும். ம்ம்ம்னு ராகம் போட ஆரம்பிச்சுச்சு. "எங்கேயோ பொறந்து என் உசுரை வாங்க வந்திருக்கே"ன்னு சொல்லித் திரும்ப அடிச்சேன். தோள்ல. திரும்ப. முதுகுல. ராகம் நின்னு போச்சு. நாலாவது அடிக்குத்தான் எழுந்து பின்னாடி பின்னாடியே நகர்ந்துச்சு. வெளியில வந்து நான் வாந்தி எடுத்தேன். டாக்டர் என் தலையைப் பிடிச்சுக்கிட்டா.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டைத் திட்டாமலே எடுத்து வெச்சேன். வீட்டுக்காரர் பயந்து போய் "உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாரு.

அடிக்க ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் பாதி தூரம் வந்து நின்னுடுச்சு. நான்தான் அதுகிட்டப் போய் அடிக்க வேண்டியிருந்துச்சு. மூணாம் நாள் திட்ட ஆரம்பிச்சதும் புதர் அசையுது, ஆள் வரல. நாலாம் நாள் கதவுல கை வைக்கிறேன், நான் வாயே திறக்கல, அது மரத்து உச்சியில இருக்கு. மரத்தடியில ஒண்ணுக்குப் போயிருந்துச்சு, பயத்துல. என் பொண்ணு போன் பண்ணி "என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு"ன்னா. ஜலதோஷம்னேன்.

பத்தாம் நாள் ரேஞ்சர் வந்தாரு. நாப்பது அடியில கோடு போட்டு என்னை நிறுத்தினாரு. "திட்டுங்கம்மா. எப்பவும் திட்டுற மாதிரி." திட்டினேன். ஒரு வார்த்தை விடாம வரிசையாத் திட்டினேன். பதினாலு அந்தச் சரிவு பூரா ஏறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிக் கண்ணுக்கே தெரியாமப் போச்சு. ரேஞ்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. காவலாளி கை தட்டினான். எல்லாரும் என் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. எனக்கு எங்கேயாவது படுத்தாப் போதும்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில விடப் போனோம். கூண்டோட லாரி முன்னாடி, ஜீப்புல நாங்க பின்னாடி. காட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம். ஒரு ஓடைக்குப் பக்கத்துல, பழ மரங்க நிறைய இருக்கிற வெட்டவெளியில கூண்டை இறக்கினாங்க. கதவைக் கயித்தால தூக்குற வேலை வீட்டுக்காரருக்கு. நாங்க எல்லாம் எதிர்ல ஒரு பாறைக்குப் பின்னாடி நின்னோம். அது வெளியில கால் வைக்கிறதை மட்டும் பார்த்துட்டாப் போதும்னுதான் நான் போனேன். ஒண்ணரை வருஷத்துக் களைப்புக்கு அது ஒண்ணுதான் கூலின்னு நினைச்சுக்கிட்டேன்.

கதவு தூக்கியாச்சு. அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்து ஆச்சு, இருபது ஆச்சு. வெளியே வரல. டாக்டர் பைனாகுலர்ல பார்த்தா. பார்த்துட்டு ரொம்ப நேரம் கீழே இறக்கல.

"என்னம்மா? அடிகிடி பட்டிருக்கா?"

"இல்லக்கா. கடைசி மூலையில ஒட்டிக்கிட்டு நடுங்குது." என் முகத்தைப் பார்க்காமச் சொன்னா. "காத்து நம்ம பக்கத்துலேர்ந்து அது பக்கமா அடிக்குதுக்கா. உங்க வாடை போகுதுன்னு நினைக்கிறேன். நீங்க... நீங்க கொஞ்சம் ஜீப்புக்குள்ள உட்காருறீங்களா?"

சரின்னு நடந்தேன். ஜீப்பு தள்ளி, மரங்களுக்குப் பின்னாடி நின்னுச்சு. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி, நாலு கண்ணாடியையும் ஏத்தினேன். உள்ளே புழுங்கித் தள்ளுச்சு. அங்கேர்ந்து பார்த்தா லாரியோட பின்பக்கம்தான் தெரியும். நான் முந்தானையால வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடுற வாடை கூடப் போயிடக் கூடாதுன்னு.

கொஞ்ச நேரத்துல டாக்டர் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினா. முகம் பூராச் சிரிப்பு, கண்ணு பூராத் தண்ணி.

"போயிடுச்சுக்கா! நீங்க இங்கே வந்த அஞ்சாவது நிமிஷம் வெளியே வந்துடுச்சு. ஓடையைத் தாண்டி ஒரே ஓட்டம். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கலக்கா!"

"நல்லதும்மா"ன்னேன்.

"இறங்கி வாங்க, எல்லாரும் உங்களைத்தான் கேட்கிறாங்க."

"காத்து இன்னும் அந்தப் பக்கம்தான் அடிக்குதா?"

அவ ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தா. "ஆமாக்கா."

"அப்போ நான் இங்கேயே இருக்கேன். அது கொஞ்ச தூரம் நிம்மதியாப் போகட்டும்"னு சொல்லிட்டு, கண்ணாடி முழுசா ஏறியிருக்கான்னு இன்னொரு தடவை பார்த்துக்கிட்டேன்.